காசில் நின்ற தமிழ்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)

 

காசைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னவுடன் நம் செயலாளர் சிரித்தார். "அம்மா, கவிஞர்கள் கூடும் அவையில் இல்லாத பொருளைப் பற்றியா பேசுவது?" என்று கேட்டார். இன்றைய நிலை அதுவாக இருக்கலாம். ஆனால் பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் பாருங்கள். சேரமன்னர் பதின்மருள் ஒருவனான ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒன்பது துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றார் என்கிறது பதிகம். நச்செள்ளையார் பெண்பாற் புலவர் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் சகோதரியர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழார்க்கு ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலும் வந்தது. அவர் கட்டிலைத் திருப்பித் தந்துவிட்டு அமைச்சுரிமையை மட்டும் ஏற்றார். எனவே கவிதைக்கும் காசுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்தது அன்று.

ஆயினும் நான் பேச வந்தது பரிசிலாக வந்த காசைப் பற்றி அன்று. எழுத்தைச் சுமந்து வந்த காசைப் பற்றி. அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டியின் கழுத்தில், கருகமணிச் சரட்டின் நடுவே, ஒரு பொற்காசு தொங்கிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கம் தேய்ந்த சாமி உருவம். இடுப்புக்கு மேல்தான் தெரியும். மறுபக்கம் முழுதும் பொடிப் பொடியாகப் புள்ளிகள், நடுவில் ஒரு நட்சத்திரம். பாட்டி அதனைச் "சாமிக் காசு" என்பார். 2002ஆம் ஆண்டு நான் முதுகலையில் சேர்ந்தபோது கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வழியில்லை. பாட்டி சரட்டைக் கழற்றித் தந்தார். பத்தர் காசை உரைகல்லில் உரைத்தார்; தட்டில் வைத்து நிறுத்தார்; மூசையில் இட்டு ஊதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி முதலில் மங்கியது. பிறகு நட்சத்திரம் கரைந்தது. பிறகு ஒரு மணி தங்கம். அவ்வளவுதான்.

சில ஆண்டுகள் கழித்து முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பாட்டியின் காசு இருந்தது. அதே அரை உருவம், அதே புள்ளிகள், அதே நட்சத்திரம். நட்சத்திர வராகன் என்று சீட்டில் எழுதியிருந்தது. எத்தனையோ ஏட்டுச் சுவடிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட நான், என் வீட்டில் இருந்த ஓர் ஏட்டைப் படிக்காமலேயே நெருப்பில் இட்டேன் என்பது அன்று எனக்கு உறைத்தது. அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஒரு நாடு முதன்முதலாகக் காசு அடிக்கும்போது அதன்மேல் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1792இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் நாணயச் சட்டத்தை இயற்றியபோது, காசின்மேல் விடுதலையைக் குறிக்கும் உருவமும் 'லிபர்ட்டி' என்னும் சொல்லும் இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தன. மன்னன் தலைக்கு மாற்றாக ஒரு சொல்! கைக்குக் கை மாறும் அந்தச் சிறு தகட்டில் இடம் மிகக் குறைவு. அதனால் எழுதப்படுவது எதுவோ அதுவே அந்நாடு தன்னைப்பற்றிச் சொல்ல விரும்பும் முதற்சொல் ஆகிவிடுகிறது. எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதும் அதே அளவு பேசும். இந்தக் கண்கொண்டு நம் காசுகளைப் பார்ப்போம்.

பெருவழுதியும் மாக்கோதையும்

சங்கப் பாடல்களில் வரும் மன்னர்கள் உண்மையில் வாழ்ந்தவர்களா, புலவர்தம் கற்பனையா என்ற ஐயம் நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்தது. 2001இல் வெளிவந்த நூலொன்றில் ஹெர்மன் டீகன் என்னும் டச்சு அறிஞர், இப்பாடல்கள் எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டளவில் பாண்டியர் அவையில் பழமைபோலப் புனையப்பட்டவை என்றே வாதிட்டார். இத்தகைய வாதத்துக்கு விடை கூறப் பாடலையே மீண்டும் சான்றாகக் காட்ட முடியாது. பாடலுக்கு வெளியே நின்று சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்தச் சாட்சிகளுள் ஒன்று 1980களின் நடுவில் வெளிப்பட்டது. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் பழங்காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர், 2021இல் மறைந்தார். அவர் சேர்த்த சதுர வடிவச் செப்புக்காசு ஒன்றின் ஒரு பக்கத்தில் குதிரை நிற்கிறது. தொட்டியில் ஆமைகள் நீந்துகின்றன. மறுபக்கம் கோட்டுருவாகப் பாண்டியரின் மீன். குதிரைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு சொல்: பெருவழுதி.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி புறநானூற்றில் பாடப்படுபவன். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி அதே நூலில் பாட்டாகவே வாழ்பவன். முதுகுடுமி கொடுத்த கொடையை எட்டாம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு நினைவுகூர்கிறது. ஆனால் ஏடு படியெடுக்கப்பட்டது; செப்பேடு பிற்காலத்தது. அந்தக் காலத்து மன்னன் ஒருவன் தன் பெயரைத் தானே பொறித்து, தன் நாட்டுக் கடைத்தெருவில் உலவவிட்ட பொருள் இந்தக் காசு. காசு பாடலின் காலத்தை நேரடியாகச் சொல்லிவிடாது. அதனிடம் அவ்வளவு எதிர்பார்க்கவும் கூடாது. பாடலில் வரும் பெயர் வெறும் கற்பனையன்று, அந்தப் பெயரில் அரசன் இருந்தான், அவன் தமிழில் எழுதினான் என்பதை மட்டும் சொல்லும். அதுவே பெரிது.

கரூரின் அமராவதி ஆற்று மணல் இன்னும் பல சாட்சிகளைத் தந்தது. மணலைச் சலித்து உலோகத் துணுக்குகளைப் பொறுக்கி வயிறு வளர்ப்போர் கையில் அகப்பட்டவை பல. கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்னும் பெயர்கள் பொறித்த சேரர் காசுகளும், குட்டுவன்கோதை என்ற பெயருடைய வெள்ளிக்காசும் கிடைத்தன. அருகிலுள்ள புகளூர் மலைக் குகையில் சேரல் இரும்பொறை மரபினர் பெயர்கள் பொறித்த கல்வெட்டை 1960களில் ஐராவதம் மகாதேவன் அவர்கள் படித்துக் காட்டியிருந்தார். கல் சொன்னதை ஆற்று மணலில் கிடந்த காசும் வழிமொழிந்தது.

அவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது மாக்கோதை காசு. வெள்ளியில் ஒரு மனிதத் தலை. உரோமானியக் காசுகளில் உள்ள பேரரசர் தலையைக் கண்டு கற்றுக்கொண்ட அமைப்பு. மிளகு கொள்ள வந்த யவனரின் காசுகள் அந்நாளில் கொங்கு நாட்டிலும் கரூரிலும் குவிந்து கிடந்தமையால் அதில் வியப்பில்லை. தலைக்கு மேலே தமிழில் 'மாக்கோதை' என்ற பெயர்.

புறநானூற்றில் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்றொரு சேரன் உண்டு. மனைவி பெருங்கோப்பெண்டு இறந்து, ஈமத்தீயில் அவள் கிடப்பதைக் கண்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை நாணிப் பாடிய பாட்டு அவனுடையது. வெள்ளியில் உள்ள முகமும் பாட்டில் உள்ள குரலும் ஒருவருடையவை என்று அறுதியிட்டுச் சொல்லக் காசு ஒன்று மட்டும் போதாது. அந்தப் பெயர் சேரர் குடியில் ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு இருந்திருக்கலாம். எனினும் வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது காசின் படத்தையும் மாணவியர்க்குக் காட்டுகிறேன். அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தேர்வுக்குரிய செய்யுள் ஒன்று ஒரு மனிதனின் துயரமாகிவிடுகிறது.

குறுநில மன்னரும் பின்தங்கவில்லை. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான்களின் செப்புக்காசில் குதிரை உண்டு. மறுபக்கத்தில் மலையும் வளைந்தோடும் ஆறும் உண்டு. தன் நாட்டையே ஒரு காசில் வரைந்துவைத்தான் அந்தச் சிற்றரசன். வடக்கே சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் உள்ள மொழியைத் தமிழ் என்று இரா. நாகசாமி அவர்கள் கண்டார். திராவிட மொழி வேறொன்றின் பழைய வடிவம் என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், வடமொழிச் சார்புடைய பேரரசு ஒன்றும் தென்னவர் கையில் தன் காசு செல்ல வேண்டுமானால் தென்னவர் மொழியில் பேச வேண்டும் என்று உணர்ந்திருந்தது.

சோழரின் நாகரி, பாண்டியரின் தமிழ்

இனி வருவது நம்மைச் சற்று வருத்தும் செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் முழுதும் தமிழில் எழுதுவித்த முதலாம் இராசராசன், தன் காசில் தன் பெயரை நாகரி எழுத்தில் பொறித்தான். அவன் மகன் இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழன் என்ற பெருமிதப் பெயரும் காசில் நாகரியிலேயே காண்கிறது. இதை வைத்து அவர்களைத் தமிழ்ப்பற்று இல்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது முறையாகாது. கோயிற்சுவர் ஊரார்க்குச் சொல்வது; காசு எல்லை கடந்து செல்வது. கிருட்டிணை ஆற்றங்கரை முதல் ஈழம் வரை செல்ல வேண்டிய காசுக்கு அவர்கள் ஒரு பொது எழுத்தைத் தேர்ந்தார்கள் என்று கொள்ளலாம். ஈழத்தில் அந்தக் காசின் அமைப்பைப் பின்வந்த சிங்கள மன்னர்கள்கூட அப்படியே பின்பற்றினார்கள் என்பது அத்தேர்வின் வெற்றியைக் காட்டும். ஆயினும் பேரரசு பெருகும்போது தாய்மொழி காசிலிருந்து ஒதுங்கியது என்ற உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தமிழைக் காசுக்கு மீட்டவர்கள் பிற்காலப் பாண்டியர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழநாட்டை வென்றவர்கள் தங்கள் செப்புக்காசில் தமிழிலேயே 'சோணாடு கொண்டான்' என்று பொறித்தார்கள். 'எல்லாந் தலையானான்' என்றொரு காசு. 'கலியுகராமன்' என்றொரு காசு. இரண்டே சொல்லில் ஒரு மெய்க்கீர்த்தி! கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியின் உருவத்துக்குக் கீழே 'சேது' என்னும் ஒரு சொல்லைத் தமிழில் பொறித்தார்கள். இரண்டெழுத்தில் ஒரு நாட்டின் முகவரி அடங்கிவிட்டது. சொற்சுருக்கம் பழக விரும்பும் கவிஞர்கள் இந்தக் காசுகளிடம் பாடம் கேட்கலாம்.

பூவிருந்தவல்லியும் தங்கசாலையும்

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1639இல் பிரான்சிஸ் டே என்னும் கும்பெனி வணிகர்க்கு மதராசப்பட்டினக் கரையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் வந்தவாசிப் பகுதியின் தலைவர். கடற்கரைப் பகுதியின் நிருவாகத்தைப் பார்த்துக்கொண்ட அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்த இடம் நம் பூவிருந்தவல்லி. கோட்டை கட்டும் உரிமையோடு காசு அடிக்கும் உரிமையும் அந்தக் கொடையில் இருந்தது. கோட்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். காசைப் பற்றிப் பேசுவதில்லை. தன் பெயரில் காசு அடிப்பது அரசனின் உரிமை. அதைக் கைவிட்டவன் தன் அரசில் ஒரு பங்கைக் கைவிட்டான். மீன் வாங்கவும் துணி வாங்கவும் பயன்படட்டும் என்று கொடுத்த உரிமை இருநூறு ஆண்டுகளில் நாட்டையே வாங்கிவிட்டது.

கும்பெனியார் அடித்த பொற்காசுதான் என் பாட்டியின் கழுத்தில் இருந்த நட்சத்திர வராகன். விசயநகரத்தார் வழிவந்த வராகனின் சாயலில் திருமால் உருவத்தை வைத்து அடித்தார்கள். மக்கள் பழகிய காசைத்தான் நம்புவார்கள் என்பது வணிகர்க்குத் தெரியும். ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. அந்த வராகனில் எந்த மொழியிலும் ஓரெழுத்தும் கிடையாது.

1807ஐ ஒட்டிச் சென்னைத் தங்கசாலை வெளியிட்ட அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் கோயிற் கோபுரம், மறுபக்கம் திருமால். சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்னும் நான்கு எழுத்துகளில் மதிப்பு. ஆட்சி அயலாருடையது, ஆனால் காசில் கோபுரமும் தமிழும் நின்றன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே சோகோ ஆலையில் நீராவிப் பொறிகொண்டு சென்னை மாகாணத்துக்கெனச் செப்புக்காசுகள் அடிக்கப்பட்டன. இவை ஏழை எளியோர் கைக்குச் செல்ல வேண்டியவை. அவற்றில் கும்பெனியின் இலச்சினை, ஆங்கிலம், பாரசீகம் மட்டுமே உண்டு. வராகன் வைத்திருப்பவர்க்குத் தமிழ். காசு வைத்திருப்பவர்க்குத் தமிழ் இல்லை! ஆனால் ஒரு வேடிக்கை. அந்தக் காசில் பத்து, இருபது என்ற எண்ணோடு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று எழுதியிருக்கும். அது நம் 'காசு' என்னும் சொல்லே. போர்ச்சுகீசியர் வாய்வழியே ஆங்கிலத்துக்குப் போனது. பாரசீக எழுத்திலும் 'காஸ்' என்றே எழுதியிருக்கும். எழுத்தை விலக்கியவர்களால் சொல்லை விலக்க முடியவில்லை.

1808ஆம் ஆண்டு பொறித்த அந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல் புறப்பட்டது. 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அகல்வதற்கு முன்பே புயலில் சிக்கிக் குட்வின் மணல் திட்டில் மூழ்கிப்போனது. 1980களில் முக்குளிப்போர் அதைக் கண்டபோது, எவர் கையிலும் படாத காசுகள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. சென்னைக் கடைத்தெருவில் ஒரு கீரைக்கட்டு வாங்கியிருக்க வேண்டிய காசு, இருநூறு ஆண்டு கழித்து அயல்நாட்டுச் சேகரிப்பாளர் பெட்டியில் பளபளக்கிறது.

1818இல் சென்னை மாகாணத்தில் வராகனின் இடத்தை ரூபாய் பிடித்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது கணக்கு. 1835இல் கும்பெனி ஆட்சி முழுதுக்கும் ஒரே வகை ரூபாய் வந்தது. அதில் இங்கிலாந்து மன்னன் தலையே இருந்தது. நம் தங்கசாலை 1869இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் பின்னர் அரசு அச்சகம் ஆயிற்று. உலோகத்தில் எழுத்துப் பதித்த இடம் தாளில் எழுத்துப் பதிக்கும் இடமாயிற்று. 1907 முதல் வந்த நிக்கல் கலந்த ஓரணாக் காசில் மதிப்பை ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு எழுத்துகளிலும் பொறித்தார்கள். தமிழைக் காணோம். அதே பேரரசு 1870இலேயே இலங்கைச் செப்புக்காசில் சிங்களத்தோடு தமிழையும் பொறித்திருந்தது. 1985 முதல் சிங்கப்பூர்க் காசிலும் நாட்டின் பெயர் தமிழில் நிற்கிறது. பிறந்த மண்ணின் காசில் இடம் இழந்த எழுத்து, புகுந்த மண்ணின் காசில் இடம் பெற்றது.

விளிம்பில் ஒரு பெயர்

காசுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அதுதான் பதக்கம். காசு அரசன் பெயரைச் சுமக்கும். சாதாரண மனிதன் பெயரைச் சுமக்கும் உலோகம் பதக்கம் ஒன்றே.

ஆவடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு வட்டத் தகட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய பித்தளை என்று எண்ணி எடைக்குப் போட இருந்தார்களாம். ஒரு பக்கம் ஐந்தாம் சார்சு மன்னர். மறுபக்கம் குதிரை வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். முதல் உலகப் போரில் பணி செய்தவர்க்குப் பிரித்தானியப் பேரரசு தந்த பதக்கம் அது. போர்வீரர்க்கு அதை வெள்ளியில் தந்தார்கள். சுமை தூக்கவும் பாதை வெட்டவும் சென்ற கூலிப்படையினர்க்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் தந்தார்கள். அவள் கையில் இருந்தது வெண்கலம். விளிம்பைத் துடைத்துப் பார்த்தோம். ஆங்கில எழுத்தில் ஓர் எண்ணும், பிரிவின் பெயரும், அவளுடைய கொள்ளுப்பாட்டனார் பெயரும் இருந்தன. அந்தக் குடும்பத்தில் அவர் பெயர் பொறித்த வேறு எந்தப் பொருளும் இல்லை. நடுகல் இல்லை, நிழற்படம் இல்லை, ஒரு கடிதமும் இல்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்தப் பெயர் உலைக்குப் போயிருக்கும்.

நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. வெண்கல விளிம்பில் அயல் எழுத்தில் நிற்கும் அந்தப் பெயரும் ஒருவகை நடுகல்தான். அதைப் படிப்பதும் தமிழ்ப்பணியே என்று நான் கருதுகிறேன்.

திரும்பி வந்த எழுத்து

விடுதலைக்குப் பிறகு தமிழ் காசுக்குத் திரும்பியதா? மெல்ல மெல்லத் திரும்பியது. 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவம் பொறித்த காசுகள் வந்தன. 2009இல் பேரறிஞர் அண்ணா நூற்றாண்டுக்காக வந்த 5 ரூபாய்க் காசில் அவருடைய தமிழ்க் கையொப்பம் அப்படியே இடம்பெற்றது. 2024இல் கலைஞர் நூற்றாண்டுக்காக வெளியான 100 ரூபாய்க் காசில் 'தமிழ் வெல்லும்' என்ற தொடர் தமிழிலேயே நிற்கிறது. அரசியலில் நமக்குள் ஆயிரம் வேறுபாடு இருக்கலாம். அதை நான் இங்கே கிளறப்போவதில்லை. ஒரு காலத்தில் வலிமையால் வந்த எழுத்து, பின்னர் வலிமையிழந்து போன எழுத்து, இன்று நினைவின் பெயரால் வந்திருக்கிறது. ஆனால் இவை விழாக் காசுகள். நாம் நாள்தோறும் கீரைக்காரம்மாவிடம் நீட்டும் காசில் இன்னும் தமிழ் இல்லை.

நிறைவாக, இந்த வட்டத்துக்கு என் வேண்டுகோள். பத்தாண்டுகளாக நாம் திங்கள்தோறும் கூடிப் பாடல்களை ஆராய்ந்தோம். இனி அப்பாடல்களின் சாட்சிகளையும் காக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில், சுருக்குப்பையில், பூசை அறைத் தட்டில் பழங்காசோ பதக்கமோ இருந்தால் அதைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பச்சைக் களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். இரு பக்கமும் பதக்கமானால் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள். எடை பார்த்துக் குறியுங்கள். எந்த ஊரில், யார்வழி வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத காசு பாதி ஊமை. கடைக்கால் தோண்டும்போது மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும். அடுக்குமாடிகள் எழும் நம் பகுதியில் நாள்தோறும் மண் தோண்டப்படுகிறது. அது எதை வாரிக்கொண்டு போகிறது என்று பார்க்க ஆளில்லை. வட்டத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடம் ஒதுக்கி, உறுப்பினர் கொண்டுவரும் காசை எல்லோரும் சேர்ந்து படித்து ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்யலாம். அடுத்த பத்தாண்டு மலரில் அந்தக் குறிப்பேடே ஒரு பகுதியாகட்டும்.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை பாட்டியிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் கோலமாவு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "அதுல எழுத்து ஒண்ணும் இல்லைன்னு நீதானே சொல்றே? அந்தக் காசு போயி உனக்கு எழுத்து வந்துச்சு, போ. அழாதே" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். இன்று அவர் இல்லை.

அவர் சொன்ன ஆறுதலை நான் முழுதும் ஏற்கவில்லை. என் படிப்பு அந்தக் காசால் வந்தது என்பது உண்மை. அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று மூசையில் இருந்தது எழுத்தில்லாத வராகனாக இல்லாமல் ஒரு பெருவழுதியாகவோ மாக்கோதையாகவோ இருந்திருந்தாலும் நான் அப்படியேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அன்று படிக்கத் தெரியாது. இன்று தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். இனி நம் கண்முன் ஒரு காசு உருகுமானால் அறியாமை என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது.